அணையை மீன் எப்படித் தாண்டுகிறது?

பவானியில் புதுத்தண்ணி வந்தால் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறப் பார்ப்பது கொடிவேரிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்றது சால்மன். கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆற்றுக்குள் நுழைந்ததும் தீனியை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் வழி முழுக்கக் கட்டுச்சோறு.

கெண்டையைத் துண்டு போடும்போது பக்கவாட்டில், தோலுக்கடியில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடுமே, அது நிதான நீச்சலுக்கான தசை. நாள் முழுக்க உழைக்கும். மீதி வெள்ளைத் தசை. பாய்ச்சலுக்கு அதுதான் வேண்டும், ஆனால் சீக்கிரமே களைத்துவிடும். தேறி வர மணிக்கணக்காகலாம்.

3 மீட்டர் உயரம் தாவ வேண்டுமானால் மீன் விநாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் தண்ணீரை விட்டுக் கிளம்ப வேண்டும். 30 சென்டிமீட்டர் என்றால் 2.4 மீட்டரே போதும். மீன்படிகள் நிற்பது இந்தக் கணக்கில்தான். பெரிய உயரத்தைச் சிறு தொட்டிகளாகப் பிரித்து, படிக்குப் படி சுமார் ஓர் அடி மட்டும் ஏற்றம் வைக்கிறார்கள். ஒரு பாய்ச்சல், கொஞ்சம் ஓய்வு, அப்புறம் அடுத்தது. தாவப் பிடிக்காத மீனுக்குத் தொட்டிச் சுவரிலேயே செங்குத்தான பிளவு விட்டால் நீந்தியே போய்விடும்.

படி கட்டுவதைவிடக் கஷ்டம், மீனுக்கு வாசலைக் காட்டுவது. மீன் தேடிப் போவது நீரோட்டத்தை. மின்நிலையத்திலிருந்து வரும் பெருவெள்ளத்தில் படியின் சின்ன ஓட்டம் அடிபட்டுப் போனால், மீன் அணையடியிலேயே அலைந்து தெம்பை இழக்கும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938-ல் வந்த போன்வில் அணையில் இதற்காகவே வாசலருகே கூடுதல் தண்ணீர் விடுகிறார்கள். அதே ஆற்றில் மேலே உள்ள கிராண்ட் கூலி அணை 168 மீட்டர் உயரம். அங்கே படியே வைக்கவில்லை. அதற்கு மேல் சால்மன் வரத்து நின்றே போனது.

நம் காவிரியிலும் 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீன் வரத்து சரிந்தது. உல்லம் சால்மனைப் போலத் தாவாது. அதனால் சால்மனுக்குப் போட்ட படியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது வீண் செலவு என்பேன்.

விலாங்கின் வழி முற்றிலும் வேறு. கடலில் பிறந்து குஞ்சாக ஆற்றில் ஏறும். வேக நீரில் தாக்குப்பிடிக்காது, ஆனால் பாசி படிந்த ஈரச் சுவரில் நெளிந்து நெளிந்தே ஏறிவிடும். பல நாடுகளில் சரிவுப் பலகையில் பிரஷ் நார்களை நட்டு, மேலிருந்து மெல்லத் தண்ணீர் கசியவிடுகிறார்கள். குஞ்சுகள் நார்களுக்கிடையே உடம்பை முட்டுக்கொடுத்து ஏறுகின்றன. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நிற்கும் கதவணைகள் மேட்டூர் அளவுக்கு உயரமில்லை. அங்கே இப்படிப்பட்ட பலகைகள் கட்டாயம் வேண்டும்.

ஏற்றினால் மட்டும் வேலை முடியாது. ஆண்டுக்கணக்கில் ஆற்றில் வளர்ந்த விலாங்கு முட்டையிடக் கடலுக்கே இறங்கும். அப்போது விசையாழிக்குள் சிக்காமலிருக்க முன்னால் நெருக்கமான கம்பித் தடுப்பும், அதையொட்டிக் கீழே இறங்கத் தனி வாய்க்காலும் தேவை.