ஆற்றில் தண்ணீர் வந்த மகிழ்ச்சி ஏன் குறைகிறது?

மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டபோது பொங்கிய மகிழ்ச்சி, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த நாளில் அந்த அளவுக்கு இல்லாமற்போவது ஏன் என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகிழ்ச்சியின் பிறப்பிடம் பற்றிய கேள்வி பழையது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து உவகை பிறக்கும் என்றது தொல்காப்பியம். அரிஸ்டாட்டில் அதை ஒரு நாளின் உணர்ச்சியாகக் கொள்ளாமல், வாழ்நாள் முழுவதும் அறவழியில் செயல்படுவதாகக் கண்டார். 1789-இல் வெளியான நூலில் ஜெரமி பெந்தாம், இன்பத்தைத் தீவிரம், நீடிப்பு முதலியவற்றால் கூட்டிக் கழிக்கத்தக்க அளவாக்கினார்.

மூளையும் கழித்தல் கணக்குப் போடுகிறது. ஆனால் அது வேறு கணக்கு. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தபோது அவை வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, அந்தத் துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு இடம்மாறியது. அதே சாறு அதே அளவில் வந்தும் செல்களின் துடிப்பு இயல்பு நிலையிலேயே இருந்தது. நான் வியந்து நிற்பது அடுத்த கட்டத்தில்தான். விளக்கை எரியவிட்டுச் சாற்றை நிறுத்தியபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு இயல்பு நிலைக்கும் கீழே இறங்கியது. வெளியே எதுவுமே நிகழாத ஒரு கணத்தை அந்தச் செல்கள் குறித்துவைத்திருந்தன என்பதே இதன் பொருள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, மிச்சத்தை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. ஷுல்ட்ஸ் மகிழ்ச்சியைத் தேடிப் போனவர் அல்லர். பார்க்கின்சன் நோயில் டோபமினின் பங்கை அறியப் போனவர். உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்னும் நம் வழக்கத்தில் இத்தகைய ஆய்வு முளைத்திருக்காது என்பது என் கருத்து.

குரங்கின் காத்திருப்பு சில நொடிகள், உழவரின் காத்திருப்பு பல நாள்கள் என்றாலும், அணை திறப்புச் செய்தி அந்த விளக்கைப் போன்றது. சொன்னபடி தண்ணீர் வந்தால் மிச்சம் சுழியம். முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் என்று அறிவித்தும் வாய்க்கால் வறண்டு கிடந்தால் சுழியத்துக்கும் கீழே. குறுவையைக் கைவிட்டிருந்த ஆண்டில் கர்நாடக அணைகள் திடீரென நிரம்பித் தண்ணீர் வரும்போதுதான் மிச்சம் பெரிதாகிறது.

எனினும், கைபேசிக் காணொளிகள் முழங்குவதுபோல் டோபமினே இன்பம் ஆகிவிடாது. நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகளில், டோபமின் ஏறக்குறைய முற்றிலும் அழிக்கப்பட்ட எலிகள் அருகிலிருந்த உணவையும் நாடவில்லை; ஆனால் இனிப்புக் கரைசலை வாயில் விட்டதும் வழக்கம்போல் நாக்கைச் சுழற்றிச் சுவைத்தன. அந்தச் சுவையின்பத்தைப் பெருக்கும் பகுதிகளில் ஒன்று, எலியின் மூளையில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் அளவே கொண்டது. அங்கு அவ்வேலையைச் செய்பவை மூளை தானே சுரக்கும், அபினைப் போல் செயல்படும் ஓபியாய்டு வேதிப்பொருள்கள்.