அருட்கொடை: ஒரு சொல் விளக்கம்

புதுவை, கடலூர் என்ற இரண்டு ஊர்களையும் ஒரே பெயரில் தாங்கும் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் கோயில்களில் ‘அருள்கொடை’ என்று வாசிப்பார்கள். அதே ஞாயிறன்று கடலூரின் லுத்தரன் ஆலயத்திலோ பெந்தெகொஸ்தே சபையிலோ உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது ‘ஆவிக்குரிய வரம்’, ‘கிருபைவரம்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே: இயேசுவின் திருத்தூதர் பவுல் தம் கடிதங்களில் கிரேக்கத்தில் எழுதிய ‘காரிஸ்மா’.

‘காரிஸ்’ என்றால் அருள். அருளியதன் பயனாகக் கைக்கு வந்து சேர்வது காரிஸ்மா. புதிய ஏற்பாட்டில், பவுலின் பெயரிலுள்ள கடிதங்களுக்கு வெளியே, 1 பேதுரு 4:10இல் மட்டுமே இச்சொல் வருகிறது. ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் இதைச் சமூகவியலுக்கு எடுத்துச் சென்றபின் தலைவர்களின் ஈர்ப்புக்குப் பெயராகி, இன்று நம் நாளிதழ்களில் ‘கரிஸ்மா’ என்று உலவுகிறது. பவுல் அறிந்தால் திகைத்துப்போவார். கொரிந்துச் சபையில் அவர் அடக்க முயன்றதே இந்த ‘யார் பெரியவர்’ போட்டியைத்தான்.

‘வரம்’ வடசொல். தேர்ந்தெடுத்தல், விரும்பிக் கேட்டல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. நம் புராணங்களில் வரம் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்: இரணியன், இராவணன். கடுந்தவம் செய்தார்கள், வேண்டியதைக் கேட்டார்கள், பெற்றார்கள். கேட்பவரின் விருப்பமும் தகுதியும் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பவுலோ, ஆவியானவர் ‘தமது சித்தத்தின்படியே’ பகிர்ந்து கொடுக்கிறார் என்கிறார் (1 கொரிந்தியர் 12:11). தேர்வு கொடுப்பவருடையது. ‘வரம் பெற்ற ஊழியர்’ என்று சுவரொட்டியில் படிக்கும்போது, அவர் ஏதோ தவமிருந்து சாதித்துவிட்டார் என்ற எண்ணம் நமக்குள் எழுவதற்குப் பாதிப் பொறுப்பு இந்தச் சொல்லுக்கு உண்டு.

இன்னொரு சிக்கல் 12:7இல் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிதாகப்படுகிறது. 1871இல் ஹென்றி பவர் என்பவரின் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த, புராட்டஸ்டண்டார் வாசிக்கும் பழைய வேதாகமத்தில், ஆவியின் அநுக்கிரகம் ‘அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று’ அளிக்கப்படுவதாக இருக்கிறது. கிரேக்கத்தில் ‘அவனவனுடைய’ என்பது பிரயோஜனத்தோடு சேரவில்லை. ‘ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகிறது, நன்மைக்காக’ என்பதே அமைப்பு. அந்த நன்மை சபையின் நன்மை என்பதை அதிகாரம் முழுவதும் சொல்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு ‘பொது நன்மை’ என்று தெளிவாகவே எழுதிவிட்டது. ஒரு வேற்றுமை உருபு இடம் மாறியதில், ஊருக்கு வந்தது ஒருவர் வீட்டுக்குள் போய்விட்டது.

சரியான தமிழ்? ‘கொடை’ நன்று. அருளோடு புணர்ந்தால் அருட்கொடை. பேதுருவின் வசனத்தில் பழைய வேதாகமம் ‘ஈவு’ என்ற சொல்லையும் ஆள்கிறது. ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியம் பிரிக்கிறது: தாழ்ந்தவன் கேட்கும்போது ‘ஈ’, ஒத்தவன் ‘தா’, உயர்ந்தவன் ‘கொடு’. அந்தக் கணக்கில், வெறுங்கையோடு கடவுள்முன் நிற்பவன் வாயில் வரவேண்டியது ‘ஈ’தான். ஆனாலும் ‘ஈவு’ இன்று கணக்குப் பாடத்தில், வகுத்து வரும் விடையாக ஒதுங்கிவிட்டது. அதனால் கொடைக்கே என் வாக்கு.

‘தாலந்து’ வேறு. அது வெள்ளியை நிறுத்த எடையின் பெயர். மத்தேயு 25ஆம் அதிகாரத்து உவமை வழியாகத் திறமை என்ற பொருளுக்கு வந்தது. இனிய குரல் தாலந்து. அந்தக் குரல் துக்க வீட்டில் ஒருவரைத் தேற்றும்போது அதை அருட்கொடை என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கொடையைக் கண்டறிய இப்போது சில சபைகளில் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். தவறில்லை, பொழுதும் நன்றாகப் போகும். ஆனால் தனக்கு என்ன கொடை என்று தனியே உட்கார்ந்து குறிப்பதைவிட, யாருக்கு என்ன தேவை என்று பார்த்து இறங்கிவிடுவதும், ‘இது உங்களுக்கு வருகிறது’ என்று சபையார் சொல்லக் கேட்பதும் நம்பத்தகுந்தவை. பவுலின் பட்டியலில் (1 கொரிந்தியர் 12:28) நோய் தீர்த்தலுக்கும் பல மொழிப் பேச்சுக்கும் பக்கத்திலேயே ‘உதவிசெய்தல்’ நிற்கிறது, அடுத்து ‘ஆளுகை’. ஆளுகைக்குக் கிரேக்கத்தில் அவர் இட்ட சொல், கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைக் குறிப்பது; கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோமர் 12:8இல் தலைமை தாங்குபவரைப் பழைய வேதாகமம் ‘முதலாளியானவன்’ என்கிறது. இன்றைய வாசகர் பட்டறை உரிமையாளரை நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

புதுவையில் உறுதிபூசுதல் என்ற கத்தோலிக்கத் திருச்சடங்குக்குத் தயாராகும் பிள்ளைகள் படிக்கும் ‘தூய ஆவியாரின் ஏழு கொடைகள்’ எசாயா 11ஆம் அதிகாரத்திலிருந்து வருபவை. அவை ஒருவரின் உள்ளத்தைப் பண்படுத்துபவை, காரிஸ்மா அல்ல. இரண்டுக்கும் ‘கொடை’ பொதுவாக நிற்பதால் குழப்பம் நேர்கிறது. ‘அருங்கொடை இயக்கம்’ என்ற பெயரில் காரிஸ்மாவுக்கு ‘அருங்கொடை’ என்றொரு தனிச்சொல்லும் கத்தோலிக்கரிடையே வழங்குகிறது. அரிய கொடை என்று பிரிந்து, எல்லாருக்கும் உரியதை அபூர்வமானதாக்கிவிடுவதால் எனக்கு அதில் அவ்வளவு பிடித்தமில்லை.