வாய்க்கு 'அ' முதல், கைக்கு 'ட' முதல்

மூன்றரை வயசுப் பிள்ளை பென்சிலைத் தூக்கி எறிகிறான், நோட்டைப் பார்த்தாலே அழுகிறான், இவனுக்குப் படிப்பே வராதோ என்று பயமாக இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்கும் சிகிச்சையாளராக, வேலை பார்க்கும் என்னிடம், பள்ளி திறந்த கையோடு வருகிற அப்பா அம்மாக்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். நோட்டை வாங்கிப் புரட்டினால் பக்கம் முழுக்க 'அ', அடுத்த பக்கமும் 'அ'. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படிப்பில் ஒரு குறையும் கிடையாது. கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குழந்தை பார்த்து வட்டம் போடுவதற்கே ஏறக்குறைய 3 வயது ஆகும். கூட்டல் குறி 4 வயதை ஒட்டி வரும், சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் 5 வயதில். மணிக்கட்டு எலும்புகள்கூட அப்போது முழுதாக உருவாகியிருக்காது. நாமோ சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, கீழே கோடு இறக்க வேண்டிய 'அ'வை முதல் எழுத்தாக அந்தக் கையில் திணிக்கிறோம். 'இ' அதைவிடக் கஷ்டம். அ, ஆ, இ, ஈ என்பது வாய்க்கு ஏற்ற வரிசை, அதைப் பாட்டாகத் தினமும் சொல்லட்டும், தப்பே இல்லை. கைக்கு வேறு வரிசை வேண்டும். நேர்க்கோட்டிலேயே முடிந்துவிடும் ட, ப, அப்புறம் ஒரு வளைவு சேர்ந்த ம. இந்த மூன்றோடு புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று முழுச் சொல்லாகவே எழுதிவிடலாம். தான் எழுதியதைத் தானே படித்துவிட்ட பிள்ளை, அடுத்த எழுத்து என்ன என்று அதுவாகவே கேட்கும்.

அடுத்து கால் வாங்கும் விளையாட்டு. ஐஸ் குச்சி ஒன்றில் துணைக்கால் வரைந்து பிள்ளை கையில் கொடுங்கள். 'ப' அட்டைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் படம் பாடம் ஆகிவிடும், 'ம' பக்கத்தில் நிறுத்தினால் மடம் மாடம் ஆகிவிடும். 247 எழுத்து என்று பெரியவர்கள்தான் மலைக்கிறோம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் போக மீதி 216-ம் சேர்க்கைதான், கால் கொம்பு புரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிற உகர, ஊகார வரிசையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது விரலில் தொடங்குவதில்லை, தோளில் தொடங்குகிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகிறீர்களா, ஈர மணலில் குச்சியால் ஆள் உயரத்துக்கு ஒரு 'ட' போடுங்கள், பிள்ளை அதன் மேல் நடக்கட்டும், ஓடட்டும், அப்புறம் கிளிஞ்சல் பொறுக்கி அந்தக் கோட்டிலேயே அடுக்கட்டும். வீட்டில் சப்பாத்தி மாவை உருட்டி நீட்டி எழுத்தாக வளைக்கலாம், பட்டாணி உரிக்கச் சொல்லலாம், விரலுக்கு நல்ல பலம். புளியங்கொட்டை அடுக்குவதும் நல்லதுதான், ஆனால் 3 வயதுக்குக் கீழே வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பண்ருட்டிப் பக்கத்து வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உடைக்காத முந்திரிக்கொட்டையை விளையாடக் கொடுத்துவிடாதீர்கள், அதன் தோட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

விஜயதசமிக்குத் திருவந்திபுரம் ஹயக்ரீவர் சன்னதிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அரிசியில் விரல் பிடித்துத்தானே முதல் எழுத்தை எழுத வைக்கிறோம்? அந்தத் தட்டை மறுநாளே எடுத்து வைத்துவிட்டுப் பென்சிலை நீட்டுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு வருஷம் முழுக்க அந்தத் தட்டு வீட்டில் இருக்கட்டும். போனில் விரலால் எழுதுவது இதற்கு ஈடாகாது. கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், அரிசியில்தான் ஒவ்வொரு கோடும் விரலுக்கு உறைக்கும்.

எழுத்தை அடையாளம் காண்பதற்கு நம் பஸ் பாதையைவிட நல்ல பாடம் வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று வரிசையாக ஊர்ப் பலகைகள், எல்லாவற்றிலும் 'ப'வும் 'ம்'மும் இருக்கும். "ம் எங்கே இருக்கு, கண்டுபிடி பார்ப்போம்" என்று கேட்டால் போதும். கண்டுபிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த ஊர் வரும்.

எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் பதற வேண்டாம், 6, 7 வயது வரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். ஒன்றாம் வகுப்பு முடிந்தும் பழகிய எழுத்துகளைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறது என்றால் அடிக்காதீர்கள், டியூஷனும் தேடாதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ காட்டிவிட்டு, அந்தச் சீட்டோடு எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள்.