குண்டு வெடிக்கும் முன்பே சாய்ந்த கம்பெனிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தெற்குப் படையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உழைத்து உரமேறிய விவசாயப் பையன்கள். முகாமுக்குப் போனதுமே ஏன் கூட்டங்கூட்டமாக நோயில் விழுந்தார்கள்?"

அவர்களைச் சாய்த்த தட்டம்மைக்கும் (மணல்வாரி) உடல் பலத்துக்கும் சம்பந்தமில்லை என்பது சுருக்கமான பதில். மீதி விடை, படை திரட்டிய விதத்தில் இருக்கிறது.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களிடம் 1861இல் தயார் நிலையில் பெரிய ராணுவம் இல்லை. ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) செல்வாக்குள்ள வக்கீலோ பண்ணை முதலாளியோ ஆள் சேர்த்தார். ஏறக்குறைய நூறு பேர் சேர்ந்தால் ஒரு கம்பெனி. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் ஒரே வரிசையில். கேப்டனையும் அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்களும் அட்டகாசம்: கால்டுவெல் கவுண்டிக்காரர்கள் 'ஹிப்ரிட்டன் கார்ட்ஸ்', ஆன்சன் கவுண்டிக்காரர்கள் 'பீ டீ வைல்ட் கேட்ஸ்'. இப்படிப் பத்துக் கம்பெனிகள் வட கரோலினாவின் ராலே நகருக்கு அருகே ஒன்றுகூடி, 26ஆம் வட கரோலினா காலாட்படை ரெஜிமென்ட் ஆயின.

தட்டம்மை ஓர் ஊரில் அணையாமல் சுற்றிக்கொண்டே இருக்க இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேராவது வேண்டும். அதற்குக் குறைந்தால், புதிதாகத் தொற்ற ஆளில்லாமல் வைரஸ் தானே ஒழிந்துவிடும். கால்டுவெல் கவுண்டியில் அப்போது ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான். இத்தகைய மலைக் கவுண்டியில் இருபது வயதுவரை மணல்வாரியைப் பார்க்காமலே வளர முடியும். நகரத்துப் பையனோ சிறுவயதிலேயே அதைப் படுத்து எழுந்திருப்பான். ஊரோடு ஒரு கம்பெனி திரட்டினால், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் மொத்தமாக ஒரே கூடாரத்தில் சேர்கிறார்கள். பத்துக் கம்பெனிகளில் ஒன்று கிருமியோடு வந்தால் போதும். எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வைரஸ் உடலுக்குள் எடுக்கும் சுற்றுப்பாதை. மூச்சோடு உள்ளே போகும் வைரஸால் மூச்சுக்குழாயின் மேல்தோல் செல்களை நேரடியாகப் பிடிக்க முடியாது. அதற்கு வேண்டிய நெக்டின்-4 என்ற புரதம் காற்றுப் படாத அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் நுரையீரலில் காவல் நிற்கும் நோயெதிர்ப்புச் செல்களையே பற்றிக்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது. அங்கே, பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு ரத்தத்தின் வழியே மூச்சுக்குழாயின் அடிப்பக்கத்துக்கு வந்து நெக்டின்-4ஐப் பிடித்து, செல்லைத் துளைத்து மேலேறி, இருமலில் வெளியேறுகிறது. தொற்றியதிலிருந்து தடிப்பு தெரிய ஏறக்குறைய 14 நாள் ஆகும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குத் தொற்றவைக்கலாம். அணிவகுப்பில் லேசாக இருமுகிறவரை யார் பிரித்து வைப்பார்?

நெக்டின்-4இன் இந்த வேலை 2011இல்தான் தெரிந்தது. அதற்கு முன் அது புற்றுநோய் செல்களின் அடையாளமாகவே அறியப்பட்டிருந்தது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான பணத்தை வெட்டுகிறவர்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நினைவுச் செல்கள் அழிவதன் விளைவு கொடியது. பத்திரப் பதிவு அலுவலகம் எரிந்த ஊர்போல, எந்தக் கிருமி பழைய எதிரி என்ற கணக்கே உடலிடம் இல்லாமல் போகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பின் மற்ற நோய்களுக்கான எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தன. வைரஸ் என்றால் என்னவென்றே அறியாத 1861இல், தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ மேற்கு வர்ஜீனியா மலைகளிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், படை முழுக்கத் தட்டம்மை என்றும், அதன் பின்னால் நுரையீரல் கோளாறும் டைஃபாய்டும் வருகின்றன என்றும் குறிப்பிட்டார். முகாமின் அழுக்குத் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் கவனித்தாரே!

தெற்குப் படையின் மருத்துவப் பதிவேடுகள் 1865இல் தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் எரிந்தபோது போய்விட்டன. வடக்குப் படையின் கணக்கில் 67,000க்கு மேற்பட்ட தட்டம்மை நோயாளிகள், 4,000க்கு மேற்பட்ட மரணங்கள். தட்டம்மைக்குப் பின் நிமோனியாவில் போனவர்கள் பலர் வேறு பத்தியில் ஏறியிருப்பார்கள்.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்குத் தட்டம்மை திரும்ப வருவதில்லை. அதனால் முதல் குளிர்காலத்தைத் தாண்டிய கம்பெனிகளில் வைரஸுக்கு வேலை குறைந்தது. 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. மலைக் கவுண்டிகளிலிருந்து அடுத்த கூட்டம் முகாம்களுக்கு வரத் தொடங்கியது.