பிளாக்கேட்: முற்றுகையா, வழியடைப்பா?

பிளாக்கேட்னு (blockade, ஒரு இடத்துக்குள்ள சாப்பாடு, மருந்து எதையும் போக விடாம அடைக்கிறது) நியூஸ் வந்தா நம்ம பேப்பர்காரங்க யோசிக்காம 'முற்றுகை'னு போட்டுடுறாங்க. தப்பில்ல. முற்றுதல்னா சுத்தி வளைக்கிறது, ரொம்பப் பழைய சொல், பாரியோட பறம்பு மலைய மூவேந்தரும் வளைச்சப்போ கபிலர் 'மூவிரும் முற்றினும்'னு பாடுறாரு (புறம் 109), நீங்க வளைச்சாலும் உள்ள மூங்கில் நெல்லு, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நாலும் உழாமலே கிடைக்கும்யாங்கிறாரு. முற்றுகைன்னா சோத்துல கை வைக்கிறதுனு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

ஆனா இப்ப முற்றுகைன்னா நமக்கு கலெக்டர் ஆபீஸ் முன்னாடி கோஷம் போடுறதுதான ஞாபகம் வருது? அங்கதான் சிக்கல்.

நாகோர்னோ கராபாக் கதையப் பாருங்க, அஜர்பைஜானுக்குள்ள அர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதி அது. அர்மீனியாவோட அந்த ஜனங்கள சேத்து வச்சிருந்தது லாச்சின் ரோடு ஒண்ணுதான். 2022 டிசம்பர் 12ல அஜர்பைஜான்காரங்க சுற்றுச்சூழல் போராட்டம்னு சொல்லி அதுல வந்து உக்காந்தாங்க (அதாவது நம்ம ஊர் அர்த்தத்துல முற்றுகை!), 2023 ஏப்ரல்ல அரசாங்கமே செக்போஸ்ட் போட்டுச்சு. உள்ள அரிசி, சர்க்கரை, எண்ணெய்க்கெல்லாம் கூப்பன். செஞ்சிலுவைச் சங்கமும் ரஷ்ய அமைதிப்படையும் கொண்டுவந்த கொஞ்சநஞ்சமும் ஜூன் 15க்கு அப்புறம் நின்னுபோச்சு. ஜூலை 26ல அர்மீனியா 19 லாரில மாவு, எண்ணெய், மருந்துனு 360 டன் அனுப்புச்சு, எல்லாம் அர்மீனியா எல்லையில கோர்னிட்சோர் கிராமத்துக்கிட்டயே வரிசையா நின்னுச்சு, உள்ள விடல. பிளாக்கேட்டே கிடையாது, எங்க பக்கத்து ஊரான அக்தாம் வழியா நாங்க தர்றோம்னு அஜர்பைஜான் சாதிச்சுச்சு.

அர்மீனியன்ல இதுக்கு 'ஷ்ர்ஜபாகும்'னு பேரு, சுத்தி அடைக்கிறதுனு அர்த்தம். இங்கிலீஷ் 'பிளாக்' டச்சுல மரக்கட்டை, ரோட்டுக்கு குறுக்க கட்டையப் போடுற மாதிரி வச்சுக்கங்களேன். அதனால என்னைக் கேட்டா இந்த இடத்துக்கு 'வழியடைப்பு'தான் சரி. 'பொருளாதாரத் தடை'னு எழுதுறது சுத்தத் தப்பு, அது வியாபாரம் பண்ண மாட்டேங்கிறது, இது ஆம்புலன்ஸையே நிறுத்துறது.

2023 செப்டம்பர் 19ல அஜர்பைஜான் ராணுவம் அடிச்சுச்சு, அடுத்த நாளே முடிஞ்சுபோச்சு. அதே லாச்சின் ரோடு வெளிய போறதுக்கு மட்டும் திறந்துச்சு, ஒரு லட்சம் பேருக்கு மேல அர்மீனியாவுல இருக்கிற கோரிஸ் ஊருக்கு வந்து சேந்தாங்க. இவங்கள 'புலம்பெயர்ந்தோர்'னு எழுதாதீங்க. அர்மீனியா குடுத்த அந்தஸ்துபடி அவங்க அகதிங்க.