இம்ப்ரெஷனிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

இம்ப்ரெஷனிசம் என்பது ஓர் ஓவியப் பாணிக்குக் கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர். 1874 ஏப்ரலில் பாரிஸில் ஓவியர்கள் சிலர் தாங்களாகவே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் க்ளோத் மோனே வைத்திருந்த துறைமுக விடியல் ஓவியத்தின் தலைப்பு 'இம்ப்ரெஷன்' என்று தொடங்கும். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கே 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று பட்டம் கட்டிவிட்டார்.

சொல்லின் வேர் லத்தீன். ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்து அழுத்துவது என்று பொருள். பிரெஞ்சில் அச்சடிப்பதற்கும் இதே சொல்தான். நம்முடைய 'பதி'யும் அப்படியே: ஈரமண்ணில் கால் பதிகிறது, மனதில் முகம் பதிகிறது, அச்சில் ஏறினால் பதிப்பு. எனவே 'பதிவு' என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. எதன் பதிவு என்பதில்தான் சிக்கல்.

இப்போது புழங்கும் சொற்களில் ஒன்று 'உணர்வுப்பதிவுவாதம்'. இது ஓவியரின் சோகத்தையோ மகிழ்ச்சியையோ தீட்டுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. 1895இல் நார்வேக்குப் போன மோனே, சான்ட்விகா பக்கம் தங்கி, கோல்சோஸ் என்ற மலையைப் பனிக்காலத்தில் பதின்மூன்று முறை வரைந்தார். 400 மீட்டர் உயரம்கூட இல்லாத மலை அது. மலை ஒன்றுதான், மாறியது வெளிச்சம். ஒரு படத்தில் பனிமேல் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும், இன்னொன்றில் எல்லாம் சாம்பல் நீலம். நிழலைக் கறுப்பால் அடைக்கவில்லை. வெயில் படாத பனியில் வானத்தின் நீலம்தான் விழும், அதையே வைத்தார். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் தூரிகைத் தீற்றல்கள், நாலடி பின்வாங்கினால் மலை. இளஞ்சிவப்பு மலை இதமாகவும் நீல மலை விறைத்தும் தோன்றுவது அந்த ஒளியால். ஒளி முதலில் பதிகிறது, உணர்வு அதன் பின்னால் வருகிறது.

'வாதம்' இன்னும் பொருந்தாது. இவர்கள் கொள்கை வகுத்து வாதாடிச் சேர்ந்தவர்கள் அல்ல. (தவிர, வாதம் என்றாலே எனக்கு மூட்டுவலிதான் நினைவுக்கு வருகிறது.) பெண்ணியம், மார்க்சியம் போல '-இயம்' போதும். 'காட்சிப்பதிவியம்' என்று யோசித்துப் பார்த்தேன், வீடியோ எடுப்பது போல ஒலிக்கிறது. இலக்கிய விமர்சனத்தில் 'மனப்பதிவு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆகவே என் தேர்வு மனப்பதிவியம். வரைபவர் மனப்பதிவியர், கோல்சோஸ் படங்கள் மனப்பதிவிய ஓவியங்கள்.