இறுகிப்போன டிராயருக்கு எண்ணெய் விடுவதற்கு முன்

டூல் டிராலியில், அதாவது கருவிகள் வைக்கும் சக்கரப் பெட்டியில், ஒரு டிராயர் இறுகினால், பட்டறையில் யாருடைய கையும் முதலில் போவது எண்ணெய்க் குப்பிக்குத்தான். பழைய எஞ்சின் ஆயிலோ, தேங்காய் எண்ணெயோ, ஸ்பிரேயோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. கொஞ்ச நாள் வழுக்கும். அப்புறம் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் இரும்பு அலமாரி, டிராலி வேலை செய்து கொடுப்பது என் தொழில். டிராயர் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் இரும்புத் தடத்தைத்தான் சேனல் என்கிறோம். நான் கழற்றிப் பார்க்கும் பழைய சேனல்களில் பெரும்பாலானவை எண்ணெய் இல்லாமல் கெட்டவை அல்ல, எண்ணெய் விட்டுக் கெட்டவை.

கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்து வைக்கும் சோப்பு மாதிரியான ஒரு பொருளும் சேர்ந்தது. வருஷங்கள் போகப் போக எண்ணெய் கசிந்தும் காற்றுப்பட்டும் போய்விடும், மெழுகு போன்ற மிச்சம் மட்டும் சேனலில் தங்கும். அதன் மேல் கிரைண்டிங் தூள் வந்து உட்காரும். கிரைண்டிங் சக்கரத்தின் தூளில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு இருக்கும். வால்வை உட்கார வைக்கத் தேய்ப்பார்களே, அந்த லாப்பிங் பேஸ்டும் எண்ணெய்ப் பசையில் கலந்த உராய்பொடிதான். அதாவது, அழுக்கு சேனலில் புது எண்ணெய் விட்டு டிராயரை இழுத்து இழுத்துத் தள்ளும்போது சேனலை நாமே அரைத்துத் தேய்க்கிறோம். வார்ப்பட மணல் பறக்கும் இடமென்றால் கேட்கவே வேண்டாம்.

டபிள்யூ டி-40 ஸ்பிரே பற்றியும் சொல்ல வேண்டும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துரு வராமல் காக்கவென்று செய்தது அது. இறுகியதை இளக்க நல்ல சாமான். ஆனால் பாரம் ஏறும் சேனலில் நீண்ட நாள் நிற்கும் வழுவழுப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இளக்கிவிட்டுத் துடைத்து எடுக்க வேண்டும்.

சரி, எண்ணெய் இல்லையென்றால் முதலில் என்ன செய்வது? டிராயர் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி கனமாக வந்தால் அழுக்கு. குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் தட்டினால் சேனலில் நெளிவு, அல்லது சேனலுக்குள் உருளும் சின்ன இரும்புக் குண்டான பால்ஸ் ஒன்று விழுந்திருக்கிறது. முக்கால்வாசி வந்து, ‘இதற்கு மேல் வர மாட்டேன்’ என்று நின்றால், பால்ஸ் கோத்த தகட்டுப் பட்டி இடம் மாறியிருக்கலாம். டிராயரை எப்போதும் பாதி மட்டுமே திறந்து மூடுகிற இடங்களில் இது நடக்கும், பட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். சாமானை இறக்கிவிட்டு, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, டிராயரைக் கடைசி வரை ஒரே சீராக ஒருமுறை இழுத்தால் பல நேரம் அது தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

எல்லா டிராயரும் ஒரே பக்கம் உரசினால் சேனலைத் தொடவே வேண்டாம். தரையைப் பாருங்கள். நான்கு சக்கரத்தில் ஒன்று பள்ளத்தில் இருந்தால் 20, 22 கேஜ் என்ற மெல்லிய தகட்டில் செய்த பெட்டி மெல்ல முறுக்கிக்கொள்ளும். மேலே ரசமட்டம் வையுங்கள், முன்வாயின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் சக்கரத்துக்கு அடியில் தகடு வைத்து மட்டம் பண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று உண்டு, இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சில பெட்டிகளில் ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்றது திறக்காது. உள்ளே மேலிருந்து கீழாக ஒரு கம்பி போகும், ஒரு டிராயர் வெளியே வந்ததும் அது மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல, பெட்டி முன்னால் சாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. சாமானோடு இரண்டு மூன்று டிராயர் ஒன்றாக வெளியே வந்தால் மொத்தப் பாரமும் முன்சக்கரத்தைத் தாண்டி வந்துவிடும், பெட்டி அப்படியே ஆள் மேல் கவிழும். ‘லாக் ஜாம் ஆகுது’ என்று அந்தக் கம்பியை அறுத்து எடுத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பி துருப்பிடித்து மேலேயே நின்றுகொண்டால் எந்த டிராயரும் திறக்காதுதான். அப்போது அதைச் சுத்தம் செய்ய வேண்டும், அறுக்கக் கூடாது. கம்பியே இல்லாத பழைய பெட்டியில், இறுகிய டிராயரைக் காலை ஊன்றி வெடுக்கென்று இழுப்பதும் இதே ஆபத்துதான்.

இனி சுத்தம் செய்வது. டிராயரைக் காலி செய்து முழுக்க வெளியே இழுங்கள். சேனலின் பக்கத்தில் சின்னப் பிளாஸ்டிக் நெம்பு இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தை மேலே தூக்க வேண்டும், மறுபக்கத்தைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால் டிராயர் கையோடு வரும். பழைய கிரீஸைக் கரைக்க மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும், பழைய பல் பிரஷ்ஷால் பள்ளத்தில் தேயுங்கள். மெக்கானிக் கடைகளில் வழக்கம்போல் பெட்ரோலை எடுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே தீப்பிடிக்கக் கூடியது, காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து வெல்டிங் நடக்கும் இடம் வரை போகும். மண்ணெண்ணெயும் சித்திரை வெயிலில் அவ்வளவு சாது இல்லை, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

துருவைப் பார்த்ததும் எமரி பேப்பரை எடுத்துப் பளபளவென்று தேய்க்கத் தோன்றும். சேனலின் மேல் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே செந்துரு ஏறும். வெள்ளைப் பொடியாக இருப்பது பூச்சின் துரு, அதைத் துணியால் துடைத்தால் போதும். செந்துரு இருக்கும் இடத்தை மட்டும் நைஸ் ஸ்டீல் வூலால் (மெல்லிய இரும்பு நாரால்) எடுங்கள். பழைய பெட்டியின் பெயிண்டைத் தேய்க்க நேர்ந்தால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், ஈயம் கலந்த பெயிண்டாக இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

காய்ந்த பிறகு, பால்ஸ் சேனல் என்றால் லித்தியம் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லப் பூசுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அப்பினால் அது அதிகம். பால்ஸ் இல்லாமல் தகட்டோடு தகடு உரசும் பழைய ரகத்துக்கு கிரீஸே வேண்டாம், மெழுகுவர்த்தியை உரசும் இடத்தில் தேய்த்துவிடுங்கள். தூசி ஒட்டாது.

திரும்ப மாட்டும் இடத்தில்தான் நல்ல சேனல்கள் சாகின்றன. பெட்டியில் இருக்கும் சேனலில் பால்ஸ் பட்டியை முதலில் முன்வாய் வரை இழுத்து வையுங்கள். அப்புறம் டிராயரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், நேராக நுழைய வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் உள்தகடு பட்டியின் விளிம்பில் இடிக்கும், அங்கே பலமாகத் தள்ளினால் பட்டி மடங்கிப் பால்ஸ் உதிரும். தடுத்தால் வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். முதல்முறை முழுக்க மூடும்போது கொஞ்சம் கனமாகப் போவது இயல்பு.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 7.5 செ.மீ. உயரமுள்ள டிராயரின் கொள்ளளவு 15 லிட்டர். இரும்பு லிட்டருக்கு 7.85 கிலோ. மூன்றில் ஒரு பங்கு ஸ்பேனரும் சாக்கெட்டும் நிரம்பினாலே 39 கிலோ, பாதி நிரம்பினால் 59. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு ஜோடி சேனல் 35 அல்லது 45 கிலோ தாங்கும், அதுவும் பாரம் பரவலாக இருந்தால். சுத்தியலையும் புல்லரையும் கீழ் டிராயருக்கு மாற்றுங்கள்.

நெளிந்த சேனலை அடித்து நிமிர்த்துவது வீண்வேலை. புதிதாக வாங்கும்போது மூடிய நிலையில் உள்ள நீளத்தைச் சொல்லி, ஜோடியாகவே வாங்குங்கள். டிராயருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடைவெளி இருந்தால் 45 மி.மீ. உயரமுள்ள சாதாரண சேனல் உட்காரும். பழைய வெளிநாட்டுப் பெட்டிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் ஒத்துவராது. பழைய சேனலைக் கையோடு கடைக்குக் கொண்டு போய்விடுங்கள், அளவு சொல்லி வாங்கிவந்து திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் மிச்சம்.